காயம்பட்ட வீரர்களுக்கான சைக்கிள் ரைடு: பணத்தை மட்டும் குடுத்தா போதாதா?

கேள்வி இதுதான். ஆஃபீஸ் டீம்ல எல்லாரும் சேர்ந்து ஒரு பல நாள் சைக்கிள் ரைடுக்குப் போறாங்க, போர்ல காயம்பட்ட முன்னாள் ராணுவ வீரர்களுக்காகவும், போலீஸ், ஃபயர் சர்வீஸ், ஆம்புலன்ஸ்னு ஆபத்துக்கு முதல்ல ஓடி வர்றவங்களுக்காகவும் நடக்கிற ரைடு, உங்களையும் கூப்பிடுறாங்க. ஆளுக்கு ஒரு குறைஞ்சபட்ச தொகை திரட்டிக் குடுக்கணுமாம். அந்தப் பணத்தை நேரா குடுத்துட்டா ஆகாதா, எதுக்கு நூத்துக்கணக்கான மைல் மிதிக்கணும், கை கால் போனவங்க நிஜமாவே ஓட்டுறாங்களா இல்ல மேடைல உக்கார வெச்சு கை தட்டுறதோட சரியா, பணம் ஒழுங்கா போய்ச் சேருதா, இந்த நாட்டு ஆளே இல்லாத நான் போறது சரியா இருக்குமா. இவ்வளவும் கேட்டிருக்கீங்க.

நான் வர்ஜீனியாவுல இருக்கேன், இந்த மாதிரி ரைடுகள்ல சில வருஷமா வாலன்டியரா போறேன், பெரும்பாலும் கூட்டத்துக்குக் கடைசில வர்ற வேன்ல, டயர் மாத்துறது செயின் சரி பண்றது தண்ணி குடுக்கிறதுன்னு. அதனால பதில் கொஞ்சம் நீளமாவே போகும். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், பணம் இதுல ரெண்டாவது விஷயம்தான். காயம்பட்ட ஆளு ஒரு கூட்டத்தோட சேர்ந்து ஓட்டுறதுதான் முதல் விஷயம். ஒரு ரைடு நல்ல ரைடா இல்லையான்னு தெரியணும்னா கடைசியா வர்ற ஆளை அங்க எப்படிப் பாத்துக்கிறாங்கன்னு பாருங்க, அதுல எல்லாம் தெரிஞ்சிடும்.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னு பாத்தா உங்க பாதி கேள்விக்கு அங்கயே பதில் இருக்கு. 2003ல ஈராக் போர் தொடங்கினப்புறம் வாஷிங்டன்ல இருந்த வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்த காயங்கள் வேற மாதிரி இருந்தது. முந்தின போர்கள்ல அங்கயே செத்துப் போயிருக்க வேண்டியவங்க உயிரோட வந்தாங்க. நெஞ்சையும் வயித்தையும் கவசம் காப்பாத்திடுது, கை காலுக்கு கவசம் கிடையாது, ரோட்டோரம் புதைச்சு வெச்ச குண்டு வெடிச்சா போறது அதுதான். போகப் போக ரத்தத்தை நிறுத்துற டூர்னிக்கே பட்டையை ஒவ்வொரு சோல்ஜர் கைலயும் குடுத்தாங்க, ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போறதும் வேகமாச்சு, அதனால பிழைச்சவங்க அதிகம், பிழைச்சு கால் இல்லாம வீட்டுக்கு வந்தவங்களும் அதிகம். ஈராக், ஆப்கானிஸ்தான் ரெண்டுலயும் சேத்து கையோ காலோ இழந்த அமெரிக்க வீரர்கள் 1,500 பேருக்கு மேல. வெளிய தெரியாத காயம் இருக்கு பாருங்க, குண்டு அதிர்ச்சில மூளை அடிபட்டது, போர்ல பட்ட அதிர்ச்சி மனசுல தங்கிப்போற பிடிஎஸ்டி, அதெல்லாம் இதை விட பல மடங்கு.

அந்த நேரத்துல நியூயார்க் லாங் ஐலண்ட்ல, அமகான்செட்ங்கிற சின்ன ஊர்ல, ஸ்டீபன் டாக்ஹவுஸ்னு ஒரு பார், அங்க பார்டெண்டரா இருந்தவர் கிறிஸ் கார்னி. காயம்பட்டு வந்த பசங்களுக்கு ஏதாவது செய்யணும்னு 2004ல மான்டாக்ல இருந்து சான் டியாகோ வரைக்கும், அட்லாண்டிக் கரைல ஆரம்பிச்சு பசிஃபிக் கரை வரைக்கும் சைக்கிள்ல போனார், அந்த ரைடுக்கு சோல்ஜர் ரைடுன்னு பேர், ஊர் ஊரா நிதி திரட்டினார், அந்தப் பணம் காயம்பட்ட வீரர்களுக்கு உதவ அப்போ புதுசா ஆரம்பிச்சிருந்த வூண்டட் வாரியர் ப்ராஜெக்ட்ங்கிற அமைப்புக்குப் போச்சு. இதுவரைக்கும் நாம எல்லாருக்கும் பழக்கமான கதைதான், நல்ல மனசுள்ள ஒருத்தர் கஷ்டப்பட்டு மிதிக்கிறார், மத்தவங்க காசு குடுக்கிறாங்க.

திருப்பம் அடுத்த வருஷம்தான். 2005ல அவரோட ஓட்டுறதுக்கு காயம்பட்டவங்களே வந்துட்டாங்க. ஹீத் கால்ஹூன்னு ஒருத்தர், 2003ல ஈராக்ல மோசூல்ல ராக்கெட் குண்டு பட்டு ரெண்டு காலையும் தொடைக்கு மேல இழந்தவர். ரயன் கெல்லின்னு இன்னொருத்தர், ஒரு காலை முட்டிக்குக் கீழ இழந்தவர். கால்ஹூன் கையால மிதிக்கிற சைக்கிள்ல நாட்டைக் கடந்தார். அதுக்கப்புறம் சோல்ஜர் ரைடோட முகமே மாறிப்போச்சு, நாட்டைக் குறுக்க கடக்கிற ஒத்தை ஆள் பயணம் போய், ஒவ்வொரு ஊர்லயும் சில நாள் காயம்பட்ட வீரர்களைக் கூட்டி, அவங்க உடம்புக்குத் தகுந்த சைக்கிளைக் குடுத்து, சேர்ந்து ஓட்ட வைக்கிற ஏற்பாடா ஆயிடுச்சு. வெள்ளை மாளிகை புல்வெளில இருந்தே புஷ், ஒபாமா, ட்ரம்ப், பைடன்னு நாலு ஜனாதிபதிகளும் இதை வழியனுப்பி வெச்சிருக்காங்க. கால்ஹூன் பின்னாடி பனிச்சறுக்கு கத்துக்கிட்டு 2010 வான்கூவர் பாராலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல அமெரிக்கக் கொடியைத் தூக்கிட்டுப் போனார். ‘நேரா பணம் குடுத்தா போதாதா’ன்னு கேட்டீங்க இல்ல, 2004ஐயும் 2005ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2004 மாதிரியே நின்னிருந்தா பணமே போதும், சைக்கிள் வெறும் விளம்பரம். 2005ல இருந்து சைக்கிள்தான் வைத்தியம்.

அதே வழில 2008ல ஜான் வோர்டின் ஆரம்பிச்சது ரைடு டு ரிகவரி. இவர் பார்டெண்டர் இல்ல, தொழில்முறை சைக்கிள் ரேஸ் ஓட்டினவர், ரேஸ் டீமெல்லாம் நடத்தினவர். அதனால இவர் ரைடுல தூரமும் ஜாஸ்தி ஒழுங்கும் ஜாஸ்தி. கலிஃபோர்னியாவுல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல இருந்து கடலோரமா ஹைவே நம்பர் 1 வழியா லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வரைக்கும் ஒரு வாரம் ஓட்டுவாங்க, அந்த பிக் சர் பகுதி ரோட்டுல கார்ல போனவங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் பள்ளம், ஏறிக்கிட்டே இருக்கும், அப்படியே திடீர்னு இறங்கும். அதுல கையால மிதிச்சு ஏறுறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பின்னாடி அந்த அமைப்பு ப்ராஜெக்ட் ஹீரோன்னு பேர் மாத்திக்கிச்சு, ராணுவத்துக்காரங்க கூட போலீஸ், ஃபயர் சர்வீஸ், ஆம்புலன்ஸ்காரங்க மாதிரி ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்களையும் சேத்துக்கிட்டாங்க. புஷ் ஜனாதிபதி பதவி முடிஞ்சப்புறம் 2011ல இருந்து காயம்பட்ட வீரர்களோட 100 கிலோமீட்டர் மலை சைக்கிள் ரைடு ஒண்ணு நடத்தினார், முதல் தடவை டெக்சாஸ்ல பிக் பெண்ட் பகுதில. வெயில்லயும் புழுதிலயும் அவரும் கூடவே ஓட்டினார்.

இதுக்கெல்லாம் முன்னாடி நடந்த ஒண்ணை இங்க சொல்லாம போக முடியாது, இதைப் பத்தி நம்ம ஆளுங்க யாரும் பேசிக் கேட்டதில்ல. 1998 ஜனவரில வேர்ல்ட் டீம் ஸ்போர்ட்ஸ்னு ஒரு அமைப்பு ஹனோய்ல இருந்து ஹோ சி மின் சிட்டி வரைக்கும் 16 நாள், கிட்டத்தட்ட 1,200 மைல், அதாவது 1,900 கிலோமீட்டர் சொச்சம், ஒரு ரைடு நடத்துச்சு. ஓட்டினது யாருன்னா வியட்நாம் போர்ல ரெண்டு பக்கமும் நின்னு சண்டை போட்டவங்க. அமெரிக்க வீரர்களும் வியட்நாம் வீரர்களும், கால் போனவங்க, கண் போனவங்க, அடிபடாதவங்க எல்லாரும் கலந்து. டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்ச கிரெக் லெமாண்டும் கூட ஓட்டினார். வழில ஹூவேக்கும் டா நாங்குக்கும் நடுவுல ஹாய் வான் கணவாய் இருக்கு, இப்போ அங்க சுரங்கப்பாதை வந்துடுச்சு, அப்போ கிடையாது, லாரி பஸ் எல்லாமே மலை மேல ஏறி இறங்கித்தான் போகணும். அந்த ஏத்தத்துல எதிரெதிரா துப்பாக்கி பிடிச்சவங்க பக்கத்துல பக்கத்துல மூச்சு வாங்கிட்டு ஏறினாங்க. பணம் திரட்டுறதை மட்டும் கணக்கு பாத்தா இப்படி ஒரு பயணத்துக்கு நியாயமே கிடையாது. ஆனா போர் முடிஞ்சு இருபத்து மூணு வருஷம் ஆனப்புறம் அந்த ரோட்டுக்கே திரும்பிப் போகணும்னு ஒருத்தருக்குத் தோணுச்சுன்னா அதுக்கு வேற எந்த வழில பதில் சொல்ல முடியும்னு எனக்குத் தெரியல.

சரி, கை கால் போனவங்க எப்படி ஓட்டுறாங்க. இதுல எனக்கு ஆர்வம் அதிகம், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

ரெண்டு காலும் இல்லாதவங்க, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்வு இல்லாதவங்க, பெரும்பாலும் ஹேண்ட்சைக்கிள். மூணு சக்கரம், முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டு. தரையோட தரையா கிட்டத்தட்ட படுத்த மாதிரி இருக்கணும், பெடல் இருக்க வேண்டிய வேலைக்கு முகத்துக்கு முன்னாடி ரெண்டு கைப்பிடி, அதை சுத்தினா செயின் வழியா முன் சக்கரம் சுத்தும். சாதா சைக்கிள்ல ஒரு கால் மேல இருந்தா ஒரு கால் கீழ இருக்கும் இல்ல, இதுல அப்படி இல்ல, ரெண்டு கையும் ஒண்ணாவே போய் ஒண்ணாவே வரும், ஏன்னா மாத்தி மாத்தி சுத்தினா ஹேண்டில் இப்படியும் அப்படியும் இழுக்கும், வண்டி நேரா போகாது. கியர், பிரேக் எல்லாம் கைப்பிடிலயே. வண்டி தாழ்வா இருக்கிறதால கார்க்காரங்க கண்ணுல படணும்னு பின்னாடி ஒரு நீள குச்சில கொடி கட்டியிருக்கும். சமதரைல நல்லா போகும், இறக்கத்துல சாதா சைக்கிள்காரங்க பின்னாடி நிக்க வேண்டியதுதான், அவ்வளவு வேகம். ஏத்தம் வந்தாதான் கஷ்டம். தொடை தசையோட பலம் எங்க, தோள்பட்டையோட பலம் எங்க. நாம பத்து நிமிஷத்துல ஏறிடுற மேட்டை அவங்க அரை மணி நேரம் ஏறுவாங்க, நின்னா பின்னாடி உருளும்.

அங்கதான் தள்ளுறது வருது. சாதா சைக்கிள்ல வர்ற ஒருத்தர் பக்கத்துல வந்து, ஒரு கையால தன் ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை ஹேண்ட்சைக்கிள்காரரோட தோள்லயோ சீட்டுக்குப் பின்னாடியோ வெச்சு தள்ளிக்கிட்டே ஏறுவார். அவருக்குக் கை வலிச்சா இன்னொருத்தர் அவர் முதுகுல கை வெச்சு தள்ளுவார், சில நேரம் மூணு நாலு பேர் சங்கிலி மாதிரி. கீழ இருக்கிறவரும் சும்மா இருக்க மாட்டார், கடைசி வரைக்கும் சுத்திட்டேதான் இருப்பார். பென்சில்வேனியாவுல இருக்கிற கெட்டிஸ்பர்க் போற வழில ஒரு மேட்டுல இதை நான் வேன் ஜன்னல்ல இருந்து பக்கத்துல பாத்தேன், தள்ளினவர் ஒரு கால் செயற்கைக் கால் போட்டவர், தள்ளப்பட்டவர் ரெண்டு காலும் இல்லாதவர், ரெண்டு பேரும் ஏறி முடிக்கிற வரைக்கும் பேஸ்பால் பத்தி சண்டை போட்டுக்கிட்டே வந்தாங்க.

ஒரு கால் மட்டும் போனவங்க சாதா சைக்கிளே ஓட்டலாம். முட்டிக்குக் கீழ போயிருந்தா பெரிய பிரச்சினை இல்ல, செயற்கைப் பாதத்தை பெடல்ல கிளிப் போட்டு மாட்டிடுவாங்க. முட்டிக்கு மேல போயிருந்தா பெடல் மேல வரும்போது செயற்கை முட்டி அவ்வளவு மடங்காது, அதனால அந்தப் பக்கம் பெடல் மாட்டியிருக்கிற தண்டை, கிரான்க்கை, குட்டையா மாத்திக் குடுப்போம், இல்லன்னா செயற்கைக் காலைக் கழட்டி வெச்சுட்டு ஒத்தைக் கால்லயே மிதிப்பாங்க. இவங்களுக்கு உண்மையான எதிரி தூரம் இல்ல, வியர்வை. வெட்டின காலுக்கு மேல சிலிக்கான் உறை ஒண்ணு, அதுக்கு மேல செயற்கைக் காலோட சாக்கெட், அதாவது வெட்டின கால் உள்ள உக்கார்ற கூடு, காத்தே போகாது. ரெஸ்ட் ஸ்டாப் வந்ததும் ஒருத்தர் புல்லுல உக்காந்து காலைக் கழட்டி, உறையை உருவி, கவுத்தினார்னா உள்ள தேங்கின வியர்வை தண்ணி மாதிரி கொட்டும். ஒரு துண்டால வெட்டின காலோட நுனியை நல்லா துடைப்பார், எங்கயாவது சிவந்திருக்கா தோல் உரிஞ்சிருக்கான்னு விரலால தடவிப் பாப்பார், திரும்ப உறையை ஏத்தி, காலை மாட்டி, எழுந்து நின்னு ரெண்டு தட்டு தட்டிட்டு கிளம்பிடுவார். இதை அவர் செஞ்சே ஆகணும், விட்டா தோல் பிஞ்சிடும், தோல் பிஞ்சா வாரக்கணக்கா செயற்கைக் காலே போட முடியாது, வேலைக்குப் போக முடியாது. அதனாலதான் நல்ல ரைடுகள்ல 15, 20 மைலுக்கு ஒரு ரெஸ்ட் ஸ்டாப் வைப்பாங்க, அவசரப்படுத்த மாட்டாங்க.

கண் தெரியாதவங்களுக்கு டேண்டம், ரெண்டு பேர் ஓட்டுற சைக்கிள், முன்னாடி கண் தெரிஞ்சவர். பின்னாடி இருக்கிறவருக்கு ரோடு தெரியாதுங்கிறதால முன்னாடி இருக்கிறவர் வாய் ஓயாம சொல்லிட்டே வரணும், இதோ கியர் மாத்துறேன், மேடு வருது, பிரேக் போடுறேன், இடது பக்கம் வளைவுன்னு. மூளை அடிபட்டு பேலன்ஸ் போனவங்களுக்கு ரிகம்பென்ட் ட்ரைக், சாஞ்சு உக்காந்து காலால மிதிக்கிற மூணு சக்கர வண்டி. கைல விரல் இல்லாதவங்களுக்கு ரெண்டு பிரேக்கையும் ஒரே லீவர்ல கொண்டு வந்துடுவோம்.

வெயில்ல இன்னொரு ஆபத்து இருக்கு, புதுசா வாலன்டியர் பண்றவங்களுக்கு இது தெரியாது. முதுகுத்தண்டு மேல் பக்கம் அடிபட்டவங்களுக்கு காயத்துக்குக் கீழ உடம்பு வியர்க்காது, அதனால உடம்பு சூட்டைத் தானா தணிச்சுக்க முடியாது. தீக்காயம் பட்டு தோல் ஒட்டு வெச்சவங்களுக்கும் அந்த இடத்துல வியர்வை வராது. நமக்கு சாதாரணமா தெரியுற வெயில் அவங்களுக்கு ஹீட் ஸ்ட்ரோக். அதனால வேன்ல எப்பவும் ஐஸ் தண்ணி ஸ்ப்ரே பாட்டில், ஈரத் துண்டு இருக்கும், அவங்க கேக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது, பக்கத்துல போய் நாமளே கேக்கணும்.

உடம்புக் காயம் இவ்வளவு. மனசுக் காயத்துக்கு சைக்கிள் என்ன பண்ணும்னு கேட்டீங்கன்னா, முதல்ல ஒண்ணு தெளிவா சொல்றேன், டாக்டர், கவுன்சிலிங், மருந்து இதுக்கெல்லாம் பதிலா சைக்கிள்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இது கூட சேர்ற ஒண்ணு. ஆனா அந்த சேர்றது சின்ன விஷயம் இல்ல. ஈராக்ல கான்வாய்ல, அதாவது வரிசையா போற ராணுவ வண்டிகள்ல, வண்டி ஓட்டினவங்களுக்கு ரோட்டோரக் குப்பைனா அதுல குண்டு இருக்கலாம், அந்தப் பயம் ஊருக்கு வந்தும் போறதில்ல, நெடுஞ்சாலைல ஒரு பழைய டயர் கிடந்தா உடம்பு விறைச்சுக்கும், சிலர் கார் ஓட்டுறதையே விட்டுடுறாங்க. சைக்கிள் கூட்டத்துல என்ன ஆகுதுன்னா, முன்னாடி போறவர் குழி இருந்தா கத்துவார், கண்ணாடித் துண்டு கிடந்தா கையைக் காட்டுவார், பின்னாடி கார் வந்தா கடைசில இருக்கிறவர் ‘கார் பேக்’னு குரல் குடுப்பார், அது வரிசையா முன்னாடி வரைக்கும் போகும். அதாவது நமக்காக ரோட்டைப் பாக்க முப்பது ஜோடி கண் இருக்கு. ராணுவத்துல அவங்களுக்குப் பழகின அதே ஒழுங்குதான், முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர், யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது, ஆனா யாரும் சுடப் போறதில்ல. வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆனவங்க கூட அந்த மாதிரி ஒரு கூட்டம் இல்லாமத்தான் தவிக்கிறாங்க, இதை என்கிட்ட நிறைய பேர் வேற வேற மாதிரி சொல்லியிருக்காங்க. அப்புறம் நாள் பூரா மிதிச்சா ராத்திரி தூக்கம் வரும், தூங்கவே முடியாதவங்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம்னு அவங்க வீட்டு ஆளுங்களைக் கேட்டாத்தான் தெரியும்.

ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்களை ஏன் இதோட சேக்கிறாங்கன்னு சிலர் கேப்பாங்க. 2001 செப்டம்பர் 11 அன்னைக்கு நியூயார்க் ஃபயர் டிபார்ட்மென்ட்ல 343 பேர் இறந்தாங்க. அந்த இடிபாட்டுல மாசக்கணக்கா வேலை பாத்தவங்க சுவாசிச்ச தூசி அதோட விடல, கேன்சர், நுரையீரல் நோய்னு வந்து அந்த டிபார்ட்மென்ட்லயே பின்னாடி இறந்தவங்க எண்ணிக்கை 343ஐத் தாண்டிடுச்சு. அவங்க வைத்தியச் செலவுக்கான சட்டம் 2010 டிசம்பர்லதான் நாடாளுமன்றத்துல நிறைவேறிச்சு, ஜனாதிபதி கையெழுத்து போட 2011 ஜனவரி ஆச்சு. விபத்துல சிக்கின குழந்தையை வெளிய எடுக்கிறதும் பத்தி எரியுற வீட்டுக்குள்ள போறதும் வாரா வாரம் செய்யுற வேலைனா மனசுக்கு என்ன ஆகும், அதுவும் காயம்தான்.

போலீஸ்காரங்களுக்கு தனியா ஒரு ரைடு இருக்கு, போலீஸ் யூனிட்டி டூர். 1997ல நியூ ஜெர்சி ஃப்ளோரம் பார்க் போலீஸ்ல இருந்த பேட்ரிக் மான்டுவோரி ஆரம்பிச்சது, முதல் தடவை 18 பேர், அங்க இருந்து வாஷிங்டன்ல இருக்கிற போலீஸ் நினைவுச் சின்னம் வரைக்கும் 300 மைல், நாலு நாள். இது காயம்பட்டவங்களுக்கு இல்ல, பணில உயிர் விட்டவங்களுக்கு. வருஷா வருஷம் மே மாசம் போலீஸ் வாரத்துக்கு வந்து சேருவாங்க. ஓட்டுற ஒவ்வொருத்தர் மணிக்கட்டுலயும் உயிர் விட்ட ஒரு அதிகாரி பேர் பொறிச்ச வளையம் இருக்கும், வந்து சேந்ததும் அதைக் கழட்டி அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய் குடுப்பாங்க. 300 மைல் வியர்வைல நனைஞ்ச வளையம். அதை வாங்குற அம்மாவுக்கு நாம எழுதுற செக் அந்த இடத்துல என்ன சொல்லிடும்.

இப்போ பணம். நீங்க சந்தேகப்படுறது தப்பே இல்ல, அமெரிக்கால இந்தத் துறைல நடந்ததை மறைக்கக் கூடாது. சோல்ஜர் ரைடு நடத்துற அதே வூண்டட் வாரியர் ப்ராஜெக்ட் பத்தி 2016 ஜனவரில சிபிஎஸ் டிவியும் நியூயார்க் டைம்ஸும் பெரிய செய்தி போட்டாங்க, ஊழியர் கூட்டங்களுக்கும் பயணத்துக்கும் ஆடம்பரமா செலவு பண்றாங்கன்னு. அந்த மார்ச் மாசமே தலைமை நிர்வாகியையும் அவருக்கு அடுத்தவரையும் நிர்வாகக் குழு வெளிய அனுப்பிடுச்சு. வந்த செய்தில சில கணக்கு தப்புன்னு அமைப்பு தரப்புல சொன்னாங்க, புது தலைமை வந்து செலவைக் குறைச்சு நிமிர்ந்துட்டாங்க, ஆனா நன்கொடை குறைஞ்சப்போ அடி விழுந்தது உதவிக்குக் காத்திருந்த வீரர்களுக்கும்தான். அதனால எந்த அமைப்பா இருந்தாலும் குடுக்கிறதுக்கு முன்னாடி அவங்களோட ஃபார்ம் 990ஐ எடுத்துப் பாருங்க, வரி விலக்கு வாங்கின பெரும்பாலான அறக்கட்டளைகள் வருஷா வருஷம் வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குக் குடுக்கிற கணக்கு அது, யார் வேணா படிக்கலாம். நேரடி உதவிக்கு எவ்வளவு, நிதி திரட்டுறதுக்கு எவ்வளவு, மேல இருக்கிறவங்க சம்பளம் எவ்வளவு, மூணும் அதுல இருக்கும்.

ஒரு நியாயமும் சொல்லணும், ரைடுனாலே செலவுதான். ஒரு ஹேண்ட்சைக்கிள் பல ஆயிரம் டாலர் ஆகும், அதை ஒவ்வொரு ஆளுக்கும் அளவு பாத்து சரி பண்ணணும், வீல்சேர் போற ரூம் இருக்கிற ஹோட்டல் வேணும், ரோட்டை மறிக்க போலீஸ் பைக்குங்க, லாரி, டாக்டர், சாப்பாடு. காயம்பட்டவங்க கிட்ட பெரும்பாலும் காசு வாங்குறதில்ல, உங்களை மாதிரி வர்றவங்க திரட்டுற தொகைலதான் இது நடக்குது. அதனால ரைடு செலவையே வீண் செலவுன்னு கழிச்சுடாதீங்க, மேல சொன்ன மாதிரி அதுதான் வைத்தியம். ரைடு நடத்துறவங்க கிட்ட கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு: எத்தனை காயம்பட்டவங்க ஓட்டுறாங்க, ரைடு முடிஞ்சப்புறம் அந்த சைக்கிள் அவங்க கிட்டயே இருக்குமா இல்ல திரும்ப வாங்கிடுவீங்களா. முடிஞ்சப்புறமும் வாரா வாரம் ஓட்ட ஏற்பாடு இருக்குன்னு சொன்னா ரொம்ப நல்லது, கண்ணை மூடிட்டு சேருங்க. அப்புறம் உங்க கம்பெனில மேட்சிங் இருக்கான்னு எச்ஆர் கிட்ட கேளுங்க, நிறைய ஐடி கம்பெனில நீங்க குடுக்கிற அளவு அவங்களும் போடுவாங்க, நம்ம ஆளுங்க பாதி பேர் அதைக் கேக்கிறதே இல்ல.

இந்தியால இருந்து படிக்கிறவங்களுக்காக, இது அங்கயும் இருக்கு. ஹைதராபாத்ல ஆதித்ய மேத்தா, விபத்துல காலை இழந்தவர், 2013 ஆசிய பாரா சைக்கிளிங்ல வெள்ளி ஜெயிச்சவர், தன் பேர்லயே ஒரு அறக்கட்டளை வெச்சு பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் மாதிரி படைகள்ல கண்ணிவெடில கால் போன ஜவான்களுக்கு சைக்கிள் பயிற்சி குடுக்கிறார். அவங்க நடத்துற ரைடுக்கு இன்ஃபினிட்டி ரைடுன்னு பேர். 2020 நவம்பர்ல காஷ்மீர்ல கிளம்பி வருஷக் கடைசில கன்னியாகுமரி வந்து சேந்தாங்க, கொரோனா நேரத்துல.

கடைசியா நீங்க போகலாமா. தாராளமா போகலாம். காயம்பட்டவங்களுக்கு மட்டும்னு நடக்கிற ரைடுகள் தனி, மத்ததுல பொதுமக்கள் சேரலாம், குடியுரிமை எல்லாம் யாரும் கேக்கிறதில்ல. கெட்டிஸ்பர்க் வரைக்கும் போற ஃபேஸ் ஆஃப் அமெரிக்கா மாதிரி ரெண்டு நாள்ல 110 மைல் ஓட்டுற ரைடு முதல் தடவைக்கு சரியா இருக்கும். ஒரே நாள்ல 60 மைல் ஓட்டிப் பழகுறதை விட, சனி ஞாயிறு ரெண்டு நாளும் தொடர்ந்து 40, 40னு ஓட்டிப் பழகுங்க, ரெண்டாவது நாள் காலைல சீட்டுல உக்காரும்போதுதான் நிஜமான கஷ்டம் தெரியும். கூட்டத்துல ஓட்டவும் பழகணும், முன்னாடி இருக்கிறவர் பின் சக்கரத்தோட உங்க முன் சக்கரம் பக்கவாட்டுல ஒட்டிப் போகக் கூடாது, திடீர்னு பிரேக் போடக் கூடாது, தண்ணி பாட்டில் எடுக்கும்போது கூட வளையக் கூடாது. ஹேண்ட்சைக்கிள் பக்கத்துல போகும்போது ரொம்ப கவனம், அவங்க தலை உங்க முட்டி உயரத்துல இருக்கும்.

யார் கிட்டயும் ‘எப்படி ஆச்சு’ன்னு ஆரம்பிக்காதீங்க, சொல்லணும்னு தோணினா அவங்களே சொல்லுவாங்க, பெரும்பாலும் ரெண்டாவது நாள் சாப்பாட்டு நேரத்துல. கேக்காம போட்டோ எடுக்காதீங்க. கேக்காம தள்ளாதீங்க, இது ரொம்ப முக்கியம், பக்கத்துல போய் ‘தள்ளட்டுமா’ன்னு கேளுங்க, வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, அந்த மேட்டை தானே ஏறணும்னு ஒருத்தர் ஒரு வருஷமா பயிற்சி எடுத்திருப்பார். வழில ஸ்கூல் பசங்க ரோட்டோரம் கொடி ஆட்டுவாங்க, ரெண்டு ஃபயர் வண்டி ஏணியைத் தூக்கி நடுவுல பெரிய கொடியைத் தொங்க விட்டிருப்பாங்க, நீங்களும் அதுக்குக் கீழதான் போவீங்க, கூச்சப்படாம போங்க.

அவ்வளவு தூரம் ஓட்ட முடியாதுன்னு தோணினாலும் டீமுக்கு வர முடியாதுன்னு சொல்லிடாதீங்க. வேனுக்கும் ரெஸ்ட் ஸ்டாப்புக்கும் எப்பவும் ஆள் பத்தாது, பஞ்சர் ஒட்டத் தெரிஞ்ச ஆள் அதை விட பத்தாது, ரிஜிஸ்டர் பண்ற ஃபார்ம்ல வாலன்டியர்னு தனியா ஒரு பகுதி இருக்கும், அதுல பேர் குடுங்க.